இடதுபக்கக் கைப்பிடி

"அதைத் தொட்டுப் பாரு. ஈரமா, காஞ்சதா?" என்று கேட்டார் அண்ணி.

நான் மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். அண்ணி கேட்ட 'அது', யாரோ மென்று சக்கையானதும் ஒட்டிவிட்டுப் போன பபிள்கம். என் மூக்குக்கு நேர் மேலே, பலகையின் அடிப்புறத்தில் இருந்தது. பக்கத்தில் இன்னொன்று, ரோஸ் நிறத்தில். அதற்கும் அப்பால் ஒரு கூட்டமே குடியிருந்தது. மூக்கைச் சிந்தித் தேய்த்த தடம் ஒன்றும் கண்ணில் பட்டது. அதைப் பற்றி மேற்கொண்டு எழுதப் போவதில்லை.

"கையுறை கொண்டு வரலை அண்ணி."

"கை கொண்டு வந்திருக்கே இல்ல?"

பெரிய கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் டை கட்டிக்கொண்டு வந்து உட்காரும் பயிற்சி ஹால் அது. மேலே உட்கார்ந்து தலைமைப் பண்பு, நேர நிர்வாகம், குழுவாக உழைப்பது எப்படி என்றெல்லாம் கற்றுக்கொள்வார்களாம். கீழே எச்சிலை ஒட்டிவிட்டுப் போவார்களாம். பார்த்தவரை குழுவாகத்தான் உழைத்திருந்தார்கள்.

சுண்டுவிரல் நுனியால் தொட்டேன். விரலைப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டேன். "காஞ்சு கல்லா இருக்கு" என்றேன்.

"சரி, அப்படியே படுத்திரு" என்று சொல்லிவிட்டு அண்ணி அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். எழுந்தால் திரும்பப் படுக்க வேண்டியிருக்குமே என்கிற நல்லெண்ணம். அந்த இடைவெளியில் நாங்கள் அங்கே போன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளைத் தோண்டித் துருவும் பிரிவில் பல வருஷம் இருந்துவிட்டு, மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். விசிட்டிங் கார்டில் நான் உதவியாளர். அண்ணிக்கு முழங்கால் வலி இருப்பதால் குனிவது, தவழ்வது, படுப்பது, குப்பைத் தொட்டிக்குள் தலையை விடுவது எல்லாம் உதவியாளர் கணக்கு. யோசிப்பது மட்டும் அவர் கணக்கு. இந்தப் பாகப்பிரிவினையில் எனக்கு நெடுநாளாக மனக்குறை உண்டு.

அன்று காலையில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர் இந்தப் பயிற்சி நிலையத்தின் சூப்பர்வைசர். சட்டையில் மடிப்பு, பேன்ட்டில் மடிப்பு, கைக்குட்டையில் மடிப்பு. பார்த்த நிமிஷமே மனசுக்குள் 'இஸ்திரி' என்று பெயர் வைத்துவிட்டேன். இஸ்திரி அழுதார். அழும்போதும் கைக்குட்டையை விரிக்காமல், மடித்தபடியே கண்ணோரத்தில் ஒற்றிக்கொண்டார். தன் தங்கையைக் காப்பாற்ற வேண்டும் என்றார்.

தங்கைக்கும் இதே நிலையத்தில்தான் வேலை. பெரிய ஹாலுக்கு அவள்தான் பொறுப்பு. வகுப்பு தொடங்கும் முன்பு மேஜைகளை விரித்துப் போடுவாள், முடிந்ததும் மடித்து ஓரமாகத் தள்ளிப் பெருக்கித் துடைப்பாள். போன வாரம் பாடம் நடத்த வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், கடைசியில் ஏதோ வேடிக்கை சொல்லிவிட்டு, மேஜையின் மூலையில் சாய்ந்து உட்காரப் போயிருக்கிறார். பலகை சட்டென்று சரிந்து செங்குத்தாகிவிட்டது. மனுஷர் பின்பக்கமாக விழுந்து, மேஜையின் இரும்புக் காலில் மண்டையை மோதிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

போலீஸ் வந்து அந்த மேஜையைக் குனிந்து பார்த்தபோது, அடியில் இடதுபக்கக் கைப்பிடியை யாரோ நீலத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது தெரிந்தது. நீலம் என்றால் ஹால் பணியாளர்களின் சீருடைத் துணி. ஹாலில் வேறு பணியாளர் கிடையாது. அதோடு விசாரணையை முடித்துக்கொண்டார்கள். உயிர் போகக் காரணமான அலட்சியம் என்று வழக்கு. இன்று சாயங்காலம் அவள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை.

"பூட்டுதான் மேடம் கோளாறு. அந்த மேஜை கம்பெனிக்காரன் மட்டமான பூட்டை மாட்டி எங்க தலையில கட்டிட்டான். நீங்க அதை நிரூபிச்சுக் கொடுங்க, என் தங்கச்சி தப்பிச்சிடுவா" என்றார் இஸ்திரி.

ஹாலுக்கு எங்களை அழைத்து வந்ததும் அவர்தான். கதவைத் திறக்கும்போது தன் கடமை உணர்ச்சியைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினார். வாத்தியார் விழுந்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அவர். எல்லாரையும் வெளியே அனுப்பியது அவர். ஹாலைப் பூட்டியதும் அவர்.

"போலீஸ் வர்ற வரைக்கும் சாவி என் பாக்கெட்லதான் இருந்துச்சு. ஒரு ஈ உள்ள போகலை மேடம்" என்று மார் தட்டிக்கொண்டார்.

தங்கை அப்போது எங்கே இருந்தாள் என்று அண்ணி கேட்டார். வாத்தியாருடன் ஆம்புலன்ஸில் ஏறிப் போய்விட்டாள், அதற்கப்புறம் அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டதால் இந்தப் பக்கமே வரவில்லை என்றார். விபத்து நடந்த மேஜையைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மற்றவை அன்றைக்கு விரித்துப் போட்டது போட்டபடி வரிசையாகக் கிடந்தன. மூடிக் கிடந்த ஹாலில் பழைய காபியும் ஈரக் கம்பளமும் சேர்ந்த ஒரு வாடை. இஸ்திரி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. கைக்குட்டை மூக்கில் இருந்தது.

அண்ணி முதலில் செய்த காரியம், அந்தப் பூட்டைப் புரிந்துகொண்டது. புரிந்துகொள்வதற்கு என்னையும் ஒரு மேஜையின் இடது கோடிக்கு அனுப்பினார்.

விஷயம் எளிமையானதுதான். இந்த மாதிரி மேஜையின் பலகையைச் செங்குத்தாகச் சாய்த்துவிடலாம். சாய்த்தால் மேஜைகளை ஒன்றோடு ஒன்று செருகிச் சுவரோரம் தள்ளி வைக்கலாம், காலில் சக்கரம் இருக்கிறது. பலகை படுத்திருக்கும்போது சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு கோடியிலும் அடியில் ஒரு எஃகு ஆணி, பலகையின் ஓட்டைக்குள் புகுந்து நிற்கும். பக்கத்திலேயே கைப்பிடி. பிடித்து அழுத்தினால் ஆணி உள்ளே இழுத்துக்கொள்ளும், விட்டால் ஸ்பிரிங் அதைத் திரும்ப வெளியே தள்ளும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பலகை அசையும்.

நான் இடதுபக்கம் அழுத்தினேன், அண்ணி வலதுபக்கம். பலகை வெண்ணெய் மாதிரி சாய்ந்தது. திரும்பப் படுக்க வைத்ததும் இரண்டு ஆணியும் 'டக்' என்று விழுந்தன. பிறகு ஒற்றை ஆளாக என்னை முயலச் சொன்னார். கையை எவ்வளவு நீட்டியும் அடுத்த கோடி எட்டவில்லை.

"வேணும்னேதான் எட்டாம வச்சிருக்கான். முன்னாடி இந்த மாதிரி மேஜைக்கு நடுவுல ஒரே கைப்பிடிதான் இருக்கும். பலகை இறங்கும்போது விரல் நசுங்கிப் போகும். எத்தனை விரல் பார்த்திருக்கேன் தெரியுமா? இப்போ ரெண்டு பேர் ரெண்டு கோடியில நின்னாத்தான் முடியும். யார் விரலும் நடுவுல போகாது. ஒருத்தர் தெரியாம இடிச்சாலும் சாயாது. யோசிச்சுப் பண்ணியிருக்கான்" என்றார் அண்ணி. அவர் வாயிலிருந்து எனக்கு இவ்வளவு பாராட்டு வந்ததே இல்லை.

ஒரு கைப்பிடியைக் கட்டிவிட்டால் என்ன ஆகும் என்றேன். அந்தப் பக்க ஆணி வெளியே வரவே வராது, இன்னொரு பக்கத்தை மட்டும் அழுத்தினால் போதும், ஒற்றை ஆளே மடித்துவிடலாம் என்றார். வேலை சுலபம்தான், ஆனால் பலகையை ஒரே ஆணிதான் தாங்கும். கட்டிய பக்கத்து மூலையில் ஒரு ஆள் உட்கார்ந்தால் பலகை முறுக்கிக்கொண்டு அந்த ஆணியும் நழுவிவிடும்.

அதற்கப்புறம்தான் என்னை மேஜைக்கு அடியில் படுக்கப் போட்டது. கைப்பிடி, ஆணி, ஓட்டை, ஒன்று விடாமல் பார்த்துச் சொல்ல வேண்டும். பபிள்கம் உட்பட.

இப்போது பழைய இடத்துக்கு வந்துவிட்டோம். நான் இன்னும் மல்லாந்தே இருக்கிறேன்.

"ஏன் தம்பி, காஞ்சு கல்லா இருக்குன்னியே, அது பலகையில ஒட்டியிருக்கா, வேற எங்கேயாவது இருக்கா?"

கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். "பலகையில நிறைய இருக்கு. நான் தொட்டது இடது ஓட்டைக்குள்ள இருக்கு அண்ணி. உள்ள திணிச்சுக் கட்டைவிரலால அமுக்கியிருக்கான். ரேகைகூடத் தெரியுது. நாசமாப் போறவன்."

"ஆணி?"

"ஓட்டை வரைக்கும் வந்துட்டு, பபிள்கம்ல முட்டிக்கிட்டு நிக்குது. உள்ள போக முடியலை."

"வலது பக்க ஓட்டை?"

உடம்பை இழுத்துக்கொண்டு அடுத்த கோடிக்குப் போனேன். ஓட்டை சுத்தமாக இருந்தது. ஆணி போய்ப் போய் வந்து விளிம்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. பபிள்கம்காரர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று கேட்டேன்.

அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். "ஆணி இருக்கிற ஓட்டைக்குள்ள பபிள்கம் எப்படிப் போகும் கொழுந்தனாரே?" என்றார்.

பலகை செங்குத்தாக நிற்கும்போது ஆணி ஓட்டைக்குள் இருக்காதே, அப்போது திணித்திருக்கலாமே என்று வாதாடிப் பார்த்தேன். அப்படி மடிந்து நிற்கும் மேஜையில் யாராவது உட்கார்ந்து பாடம் கேட்பார்களா என்றார். வகுப்பு நடக்கும்போது, பலகை படுத்திருக்கும்போது, எவனோ ஒருத்தன் சும்மா இருக்க முடியாமல் கையை அடியில் விட்டுத் துழாவியிருக்கிறான். ஓட்டை காலியாக இருந்திருக்கிறது. அடைத்துவிட்டான். அது கல்லாகிற அளவுக்கு நாளும் ஆகியிருக்கிறது.

"அப்போ இந்த மேஜையிலயும்..." என்று இழுத்தேன்.

"மெதுவா பேசு" என்றார் அண்ணி. வாசலில் இஸ்திரி ஃபோனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். "மத்த மேஜையோட கைப்பிடியெல்லாம் பாரு. இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லு."

வித்தியாசம் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. வலதுபக்கக் கைப்பிடிகள் கைபட்டுக் கைபட்டு எண்ணெய்ப் பசையோடு மின்னின. இடதுபக்கக் கைப்பிடிகளில் தூசியும் பிசுக்கும் அப்பியிருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் நடுவிலும் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் கடையில் வாங்கியது போலப் புதுசாக இருந்தது. ஒரு வரிசை பார்த்தேன், இரண்டு வரிசை பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே பட்டை. வாட்ச்சைக் கழற்றினால் மணிக்கட்டில் தெரியுமே, அப்படி.

ஹாலில் இருந்த எல்லா மேஜையிலும் துணி கட்டியிருந்திருக்கிறது. போலீஸ் பார்த்தபோது ஒன்றில் மட்டும்தான் இருந்தது. மிச்சத்தை நடுவில் யாரோ அவிழ்த்திருக்கிறார்கள்.

நான் எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டேன். தலைமுடியில் ஏதோ பிசுபிசுத்தது. என்ன என்று பார்க்கத் தைரியம் வரவில்லை.

அண்ணி இஸ்திரியைக் கூப்பிட்டார். அவர் வாசலிலேயே நின்று கழுத்தை நீட்டினார். பூட்டில் எந்தக் கோளாறும் இல்லை, நன்றாகவே செய்திருக்கிறார்கள், கட்டாமல் விட்டிருந்தால் வாத்தியார் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார் என்றார் அண்ணி. அவ்வளவுதான் சொன்னார். பபிள்கம்மைப் பற்றியோ கைப்பிடிப் பட்டையைப் பற்றியோ வாய் திறக்கவில்லை.

இஸ்திரியின் முகம் சுருங்கியது. பிறகு பெருமூச்சு விட்டார்.

"அப்போ அவதான் கட்டியிருப்பா மேடம். சின்ன வயசுலேருந்தே அவளுக்கு எதுலயும் அவசரம். என்ன பண்றது, கூடப் பிறந்துட்டா. ஒத்துக்கிட்டான்னா சீக்கிரம் ஜாமீன் கிடைக்கும்னு நானும் சொல்லி வச்சிருக்கேன்."

காலையில் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அழுத அதே ஆள். பூட்டைக் குற்றம் சொல்ல வழியில்லை என்று தெரிந்த மறு நிமிஷம் தங்கை குற்றவாளியாகிவிட்டாள். பபிள்கம்மைத் தொட்டபோது வந்த குமட்டலெல்லாம் ஒன்றுமே இல்லை. இந்த ஆள் நின்ற திசையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஸ்டேஷனுக்குப் போகும் முன்பு தங்கையை ஒரு தடவை இங்கே வரச் சொல்ல முடியுமா, அவள் எப்படி வேலை செய்வாள் என்று பார்க்க வேண்டும் என்றார். அவள் கீழேதான் இருக்கிறாள், ஸ்டேஷனுக்கு நானே அழைத்துப் போகிறேன் என்று வரச் சொல்லியிருந்தேன் என்றார் இஸ்திரி. தங்கையை ஒப்படைக்கிற வேலையிலும் நேரம் தவறாதவர்.

அவள் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். நல்ல உயரம், காய்த்துப்போன கைகள். தோளில் ஒரு துணிப்பை. மாற்றுத் துணியும் சோப்பும் பல் துலக்கும் பிரஷும் எடுத்து வந்திருக்கிறாள் என்று இஸ்திரி விளக்கம் சொன்னார். அவள் எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கேட்கும் முன்பே சொன்னாள். "நான்தான் மேடம் கட்டினேன். போலீஸ்லயும் அப்படித்தான் சொல்லப் போறேன்."

"அதை அப்புறம் பேசலாம்மா. இப்போ ஒரு மேஜையை மடிச்சுக் காட்டு. எப்பவும் செய்யற மாதிரியே செய்" என்றார் அண்ணி.

எந்த மேஜை என்று அண்ணி சொல்லவில்லை. அவள் பையை இறக்கி வைத்துவிட்டுக் கைக்கு எட்டிய மேஜைக்குப் போனாள். வலது கோடியில் நின்றுகொண்டு, குனியாமல், பார்க்காமல், ஒரு கையால் கைப்பிடியை அழுத்தி இடுப்பால் பலகையை எக்கித் தள்ளினாள். தினமும் எத்தனையோ தடவை செய்த வேலை. உடம்புக்கே மனப்பாடமாகியிருந்தது.

பலகை அசையவில்லை.

இன்னொரு தடவை தள்ளினாள். அசையவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனாள். அதுவும் அப்படியே நின்றது. குனிந்து இடதுபக்கக் கைப்பிடியைப் பார்த்தாள். எழுந்து அதற்கடுத்த மேஜைக்குப் போய் அங்கேயும் குனிந்து பார்த்தாள்.

"துணி எங்கே?" என்றாள். எங்களைப் பார்த்துக் கேட்கவில்லை, அந்த மேஜையைப் பார்த்துத்தான் கேட்டாள். "எல்லாத்துலயும் இருந்துச்சே."

இஸ்திரி என்னவோ சொல்ல வந்தார். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார். "எல்லாத்துலயும் கட்டச் சொன்னது யாரும்மா?"

அவள் அண்ணன் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பார்வையே போதும், ஆனாலும் அண்ணி விடவில்லை. இந்த ஹாலுக்கு முன்பு எத்தனை பேர் என்று கேட்டார். அவளும் இன்னொரு பெண்ணும் என்றாள். இஸ்திரிதான் போன வருஷம் மேலே போய், ஒரு ஆளே போதும், நான் செய்து காட்டுகிறேன் என்று நிர்வாகத்திடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டார்கள். இவருக்குச் சபாஷ் கிடைத்தது. இரண்டு பேர் திறக்கிற பூட்டை ஒருத்தி எப்படித் திறப்பாள்? பழைய சீருடையைக் கிழித்து முதல் மேஜையில் தன் கையாலேயே கட்டிக் காட்டியிருக்கிறார். மிச்சத்தைத் தங்கை கட்டினாள்.

"என் பேரை எடுக்காதேன்னு சொன்னான் மேடம். வெளியில இருந்தாத்தான் உன்னைக் காப்பாத்த முடியும்னு சொன்னான்" என்றாள். குரல் தரையைப் பார்த்துத்தான் வந்தது.

அண்ணி இஸ்திரியிடம் திரும்பினார். "நீங்க பூட்டின ஹால். சாவி உங்க பாக்கெட்ல. ஒரு ஈ உள்ள போகலைன்னு நீங்களே சொன்னீங்க. உங்க தங்கச்சி ஆம்புலன்ஸ்ல போயிட்டா. அப்போ இத்தனை துணியையும் அவிழ்த்தது யாரு சார்? ஈயா?"

இஸ்திரியின் நெற்றியில் வேர்வை அரும்பியது. முதன்முறையாகக் கைக்குட்டையை முழுசாக விரித்துத் துடைத்துக்கொண்டார். அண்ணியே சொல்லி முடித்தார். எல்லா மேஜையிலும் துணி இருந்தால் அது நிலையத்தின் வழக்கம், சூப்பர்வைசர் பதில் சொல்லியாக வேண்டும். ஒரே மேஜையில் இருந்தால் அது ஒரு வேலைக்காரியின் அலட்சியம். அதனால்தான் ஓடி ஓடி அவிழ்த்திருக்கிறார். பூட்டின் மேல் பழி விழுந்தால் எல்லாருக்கும் நல்லது என்று எங்களைப் பிடித்தார். விழாவிட்டால் இருக்கவே இருக்கிறாள் தங்கை.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இவ்வளவு செய்தவர் வாத்தியார் விழுந்த மேஜையில் இருந்த துணியை மட்டும் ஏன் விட்டார்? அதை எடுத்திருந்தால் யார் மேலும் வழக்கே வந்திருக்காது. நான் கேட்க வாயெடுப்பதற்குள் தங்கை கேட்டுவிட்டாள்.

"மத்ததையெல்லாம் அவிழ்த்தே இல்ல? அதை மட்டும் ஏன் விட்டே?"

"பாப்பா, அண்ணன் சொல்றதைக் கேளு..."

"ஏன் விட்டே?"

இஸ்திரி தன் விரல்களைப் பார்த்தார். நகங்களை ஒட்ட வெட்டி, சுத்தமாக வைத்திருந்தார். "முழுக்க ரத்தமா இருந்துச்சு பாப்பா. கைப்பிடியெல்லாம். முடி வேற ஒட்டிக்கிட்டு... எனக்கு அதைத் தொட முடியலை. உனக்குத்தான் தெரியுமே, எனக்கு அதெல்லாம் ஆகாது."

தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள அத்தனை மேஜைக்கும் குனிந்து எழுந்தவர், தங்கையைக் காப்பாற்றக்கூடிய அந்த ஒரே முடிச்சை அசிங்கம் என்று விட்டுவிட்டார். சட்டை கறைபட்டுவிடும் என்று ஒருத்தியைச் சிறைக்கு அனுப்பத் தயாராக இருந்திருக்கிறார். எத்தனையோ திருடர்களையும் மோசடிக்காரர்களையும் அண்ணியோடு சேர்ந்து பார்த்தாயிற்று. இவ்வளவு சுத்தமான ஒருத்தரை இப்போதுதான் பார்க்கிறேன்.

"ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் தலை என் மடியிலதான் இருந்துச்சு" என்றாள் அவள். "ரெண்டு கையாலயும் மூடிப் பிடிச்சுக்கிட்டே போனேன். நிக்கவே இல்லை. ஒரு தடவை கண்ணைத் திறந்து, மேஜை என்னாச்சும்மான்னு கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியலை."

பிறகு அண்ணியிடம் திரும்பி, இன்ஸ்பெக்டரைக் கூப்பிட முடியுமா என்று கேட்டாள். அண்ணி எண்ணைப் போட்டு, ஒலிபெருக்கியை ஆன் செய்து மேஜைமேல் வைத்தார். அவள் தன் பெயரைச் சொன்னாள். வரச் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவேன் என்றாள். அதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், எல்லா மேஜையிலும் துணி கட்டியிருந்தது, கட்டச் சொன்னது எங்கள் சூப்பர்வைசர், அப்புறம் அவிழ்த்ததும் அவர்தான் என்றாள். அந்த சூப்பர்வைசர் உனக்கு அண்ணன் இல்லையாம்மா என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா சார். கூடப் பிறந்த அண்ணன். மிச்ச மேஜையில நான் கட்டினேன் சார். தப்புன்னு தெரிஞ்சுதான் கட்டினேன். அதையும் எழுதிக்குங்க."

இரண்டு பேரும் அங்கேயே இருங்கள், நானே வருகிறேன் என்று சொல்லி இன்ஸ்பெக்டர் ஃபோனை வைத்தார்.

அண்ணி அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தனக்குத் தெரிந்த நல்ல வக்கீல் ஒருத்தர் இருக்கிறார், கட்டச் சொன்னவனும் கட்டினவளும் சட்டத்தில் ஒன்றில்லை என்று மெல்லிய குரலில் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை.

அப்போதுதான் இஸ்திரி முதன்முறையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். கம்பளத்தில் கால் வைப்பதற்கு முன் ஒரு கணம் தயங்கினார், அந்த நேரத்திலும். மேஜைகளுக்கு நடுவே புகுந்து வந்து, "பாப்பா, ஃபோன் பண்ணித் தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லு, அண்ணன் இல்லையா நான்" என்று அவள் கையைப் பிடிக்கப் போனார்.

அவள் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள்.

"தொடாதே" என்றாள். கத்தவில்லை, அழவும் இல்லை. "எனக்கு அருவருப்பா இருக்கு."